சொல்லிவைத்த ஆள்

கொட்டகை முழுவதும் விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தபோது பெண்கள் பக்கத்திலிருந்து ஓர் அழுகைச் சத்தம் கேட்டது. அது யாருடைய அழுகை என்று கோதண்டபாணிக்கு உடனே தெரிந்துவிட்டது. தெரியாத மாதிரியே உட்கார்ந்திருந்தார்.

திரையில் அந்த எத்தன் அப்போதுதான் இலை முன்னால் சம்மணம் போட்டிருந்தான். ரங்கூனுக்கு ஓடிப்போன பிள்ளை நான்தான் என்று சொல்லிக்கொண்டு ஒரு பணக்காரக் கைம்பெண் வீட்டில் நுழைந்துவிட்டவன் அவன். "உன் மூக்கு ஏன்டா இப்படி மாறிப்போச்சு?" என்று அந்த அம்மாள் கேட்பாள். "கப்பல் காத்து, அம்மா" என்பான் அவன். அவளும் அதை நம்பி, கிண்ணத்து நெய்யை அப்படியே சோற்றில் கவிழ்ப்பாள். எட்டு வருஷத்துக்கு முன்னால் வந்த படம். அந்த இடத்தில் சிரிக்காதவர் அப்போதும் இல்லை, இப்போதும் இல்லை, செண்பகத்தைத் தவிர.

அழுகை பலத்தது.

"யாருய்யா அது, சிரிக்கிற எடத்துல அழுவுறது?" என்று முன்வரிசையில் ஒருவன் கத்தினான்.

கொட்டகைக்காரன் டார்ச் விளக்கோடு ஆண்கள் பக்கம் வந்தான். "இந்தம்மாவோட யாருப்பா வந்தது? வந்து கூட்டிக்கினு போ. மத்தவங்களுக்குப் படம் கெடுது."

கோதண்டபாணி சைதாப்பேட்டைக் கோர்ட்டில் டவாலி. வாதி, பிரதிவாதி, சாட்சி என்று எல்லார் பெயரையும் மும்மூன்று தடவை கூப்பிடுகிற வேலை. அவர் குரல் வாசலைத் தாண்டி, ரோட்டைத் தாண்டி, ஸ்டேஷன் வரைக்கும் போகும் என்பார்கள். அந்தக் குரல் அன்று, "நாந்தான்" என்று சொல்லத் தொண்டைக்குள்ளேயே நின்றுகொண்டது. கையை மட்டும் தூக்கினார்.

வெளியே வந்து சோடாக்கடை ஓரம் நின்றார்கள்.

"இன்னா செண்பகம், சிரிப்புப் படத்துல போயி..."

"எட்டு வருசத்துக்கு முன்னாடி இதே எடத்துல கன்னியப்பன் சிரிச்ச சிரிப்புல பெஞ்சுலேர்ந்து கீழ வுழுந்தான்."

"அதான் நெனப்பு வரும்னு சொன்னேன். நீதான் போவணும்னு நின்னே."

அவள் முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். "அப்போ அந்தம்மாவ ஏமாளின்னு நெனச்சேன். இப்போ பாத்தா அவ மேல பொறாமையா கீது."

"பொறாமையா?"

"பொய்யனோ, திருடனோ, ரங்கூன்லேர்ந்து ஒருத்தன் வந்து வாசல்ல நின்னுக்கினு, உம் புள்ளையப் பாத்தேன்னு ஒரு வார்த்த சொல்லட்டும். நெய் இன்னா நெய், என் ஈரக்கொலைய வறுத்துப் போடுவேன்."

கோதண்டபாணி சோடாவை வாங்கி அவள் கையில் கொடுத்தார். ஒரு வாய் குடித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். இப்போதெல்லாம் அவளுக்கு எதுவும் ஒரு வாய்க்கு மேல் இறங்குவதில்லை.

கன்னியப்பன் அவர்களுக்கு ஒரே பிள்ளை. அந்தப் படம் பார்த்த மறு வருஷம் ரங்கூன் துறைமுகத்தில் வேலை கிடைத்துக் கப்பல் ஏறினான். மாதம் தவறாமல் கடிதம் வந்தது. பிறகு ரங்கூனில் குண்டு விழுந்தது. அதோடு சரி. கால்நடையாகக் காடு கடந்து வந்தவர்கள் வந்தார்கள், அவன் வரவில்லை. சண்டை முடிந்தது, அப்போதும் வரவில்லை. இந்த வருஷம் ரங்கூன் கப்பல்கள் மறுபடியும் வர ஆரம்பித்திருந்தன. ஊரெல்லாம் ரங்கூன் பேச்சாக இருக்கவே, கொட்டகைக்காரன் அந்தப் பழைய படத்தைத் தூசி தட்டி எடுத்திருந்தான்.

ஒவ்வொரு கப்பலுக்கும் செண்பகம் துறைமுகத்து வாசலில் போய் நிற்பாள். இறங்குகிறவர்களின் சட்டையைப் பிடித்துக்கொண்டு கேட்பாள். திரும்பி வந்து சோற்றுப் பானையைத் திறக்காமல் படுத்துக்கொள்வாள். கோதண்டபாணி துறைமுகத்துக்குப் போனதில்லை. ஆனால் போன மாதம் ஒரு திருட்டுக் கேசில் 'கன்னியப்பன்' என்று ஒருவன் பெயர் வந்தபோது அவர் ஒரே ஒரு தடவைதான் கூப்பிட்டார். மூன்றாவது தடவையும் பதில் வராவிட்டால் ஆள் இல்லை என்று எழுதிவிடுவார்கள். மாஜிஸ்திரேட் மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். கோதண்டபாணி இருமுவதுபோல் இருமிச் சமாளித்தார்.

சைதாப்பேட்டை போய்ச் சேர்வதற்குள், பஸ்ஸிலேயே, அவருக்கு அந்த யோசனை வந்துவிட்டது. அவள்தானே கேட்டாள், பொய்யனானாலும் சரி என்று.

*

கரீமுல்லா மயிலாப்பூரில் தையல் கடை வைத்திருந்தார். கோதண்டபாணியோடு கோலி விளையாடியவர். நாடகக் கம்பெனிகளுக்கும் படக் கம்பெனிகளுக்கும் தைத்துக் கொடுப்பவர். அந்தப் படத்தின் எத்தன் போட்டுக்கொண்டு வரும், முழங்கால் வரை பை தொங்கும் கோட்டைத் தைத்ததே அவர்தான். அளவெடுக்க வருகிறவர்களிடம் அதைச் சொல்லாமல் நாடாவை எடுக்கமாட்டார்.

"பாய், ஒரு ஆளு வோணும்" என்றார் கோதண்டபாணி.

"இன்னாத்துக்கு?"

"பொய் சொல்றதுக்கு."

கரீமுல்லா ஊசியில் நூல் கோத்துக்கொண்டே சொன்னார்: "கோர்ட்டுல வேல செய்யறவன் தையக்காரன்கிட்ட வந்து கேக்கறே. உங்க ஆலமரத்தடியில பொய்ச்சாட்சிக்காரன் வரிசையா குந்திக்கினு கீறானே."

"அவனுங்க மூஞ்சி சைதாப்பேட்டை பூரா தெரியும். அதுவும் இல்லாம, அவனுங்க உண்மையச் சொன்னாக்கூட பொய் மாதிரி கீது."

விஷயத்தைச் சொன்னார். கரீமுல்லா ஊசியைப் பஞ்சுத் திண்டில் குத்தி வைத்தார்.

"கோதண்டம், இது பாவம்."

"பாவம்தான். அவ பட்டினி கெடந்து செத்துப்போனா அது புண்ணியமா?"

கரீமுல்லா குத்திய ஊசியை மறுபடி எடுத்துக்கொண்டார். பிறகு சொன்னார்: "சர்தார்னு ஒருத்தன் கீறான். ராயப்பேட்டைக்காரன். அந்தப் படத்துலயே கல்யாணப் பந்தியில நாலாவது எலையில குந்திக்கினு இருப்பான், பாத்தியா?"

"மூஞ்சி நெனப்பு இல்லியே."

"ஒருத்தருக்கும் நெனப்பு இல்ல. அதான் அவனோட கஷ்டம். வாய்ப்பே இல்லாம கீறான். காசு கேக்க மாட்டான். கோர்ட்டுல ஒரு பியூன் வேலைக்கு நீ சொல்றேன்னு சொல்லு, போதும். இன்னா சொல்லணும் அவன்?"

கோதண்டபாணி கோர்ட்டுக் குரலில், வார்த்தை வார்த்தையாகச் சொன்னார்: "கன்னியப்பன் உயிரோட கீறான். மேல் பர்மாவுல அரிசி மில்லுல வேல. கப்பல்ல எடம் கெடச்சதும் வருவான். அவ்ளோதான். அதுக்கு மேல ஒரு வார்த்த கூடாது. அதிகமா பேசற எடத்துலதான் எல்லாப் பொய்ச்சாட்சியும் கவுறுவான்."

"அப்பறம் பையன் வரலன்னா?"

கோதண்டபாணி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "வருவான்" என்றார்.

"வெள்ளிக்கிழம தொழுகை முடிஞ்சதும் அனுப்பறேன்" என்றார் கரீமுல்லா.

*

வியாழக்கிழமை சாயங்காலம் கோர்ட்டிலிருந்து வந்தபோதே வீட்டு வாசலில் தேய்ந்த செருப்பு ஒரு ஜோடி கிடந்தது. சொன்ன நாளில் வரத் தெரியாதா இந்த நாடகக்காரர்களுக்கு என்று முணுமுணுத்துக்கொண்டே உள்ளே போனார்.

ஒருவன் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். செண்பகம் எதிரே உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தாள். அவள் முகத்தை அப்படிப் பார்த்து எவ்வளவோ காலம் ஆகியிருந்தது. விளக்குத் திரியைத் தூண்டிவிட்டாற்போல் இருந்தது.

"இந்தா பாரு, யார் வந்துகீறாங்கன்னு. நம்ம கன்னியப்பனோட கூட்டாளியாம். கப்பல்லேர்ந்து எறங்கி, கோர்ட்டு டவாலி வீடு எதுன்னு கேட்டுக்கினு நேரா இங்கதான் வர்றாரு. தன் ஊருக்குக்கூட இன்னும் போவல."

அவன் எழுந்து நின்றான். ஒட்டிய கன்னம், வெயிலில் கறுத்த தோல், சின்ன வயசிலேயே நரைத்த தாடி. இடது காலை இழுத்து வைத்தான்.

"என் பேரு அன்வர் பாஷாங்க" என்றான்.

பெயரை மாற்றிக்கொண்டிருக்கிறான், அது நல்லது என்று நினைத்துக்கொண்டார் கோதண்டபாணி. நொண்டல் நாம் சொல்லாதது. ஆனால் பொருத்தமாகத்தான் இருக்கிறது.

"எந்த ஊரு தம்பி?" என்று, தானும் தன் பங்குக்கு நடித்தார்.

"பேரணாம்பட்டுங்க. அம்மா மட்டும் இருக்காங்க." கொஞ்சம் நிறுத்தி, "இருப்பாங்கன்னு நெனைக்கிறேன்" என்றான்.

பந்தியில் நாலாவது இலையில் உட்கார வேண்டியவனே இல்லை இவன் என்று தோன்றியது அவருக்கு.

ஆனால் அவன் சொல்ல வேண்டியதைச் சொல்லவில்லை. வேறு என்னென்னவோ சொன்னான். கன்னியப்பன் கருவாட்டுக் குழம்பு வைத்து, வாசம் தாங்காமல் அடுத்த வீட்டுச் சீனாக்காரன் குடித்தனத்தையே காலி பண்ணினது. பர்மாக்காரி ஒருத்தியிடம் அரைகுறை பாஷையில் குடை விலை கேட்கப்போய், அவள் தன்னைத்தான் விலை கேட்கிறான் என்று நினைத்துக் குடையாலேயே அடித்தது. செண்பகம் சிரித்தாள். சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு, உடம்பு குலுங்கச் சிரித்தாள்.

"காலையில கூலிங்க பேரக் கூப்பிடறது அவன் வேலைங்கம்மா. ஒவ்வொரு பேரையும் மூணு தடவ இழுத்து இழுத்துக் கூப்பிடுவான். எங்க நைனா கோர்ட்டுல இப்படித்தான் கூப்பிடுவாருன்னு சொல்லுவான். அவன் வாயத் தொறந்தா துறைமுகமே சிரிக்கும்."

கோதண்டபாணி சட்டென்று எழுந்து தண்ணீர் குடிக்கப் போனார். கரீமுல்லா இவனுக்கு அளவுக்கு மேல் சொல்லிக் கொடுத்திருக்கிறான் என்று எரிச்சலாக இருந்தது. செம்பு பல்லில் இடித்தது.

கை கழுவக் கிணற்றடிக்கு வந்தவனை அங்கேயே மடக்கினார்.

"நல்லா பேசறே. ஆனா ரொம்பப் பேசறே."

"மன்னிக்கணுங்கய்யா. அந்தம்மா மொகத்தப் பாத்ததும் இதெல்லாந்தான் சொல்ல வருது. சொல்லணும்னு வந்தது வாயில வரமாட்டேங்குது." அவன் அவர் முகத்தை உற்றுப் பார்த்தான். "உங்களுக்குத் தெரியுங்களா?"

"தெரியாம? எல்லாம் தெரியும். அவளுக்குத்தான் தெரியக்கூடாது."

"எப்படிங்க தெரிஞ்சுது?"

"கோர்ட்டுல நிக்கறவன் நான். உள்ள வரச்சே உன் மூஞ்சியப் பாத்ததுமே தெரியாதா?"

அன்வர் பாஷா அவருடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டான். அவன் கண்ணில் தண்ணீர் நின்றது. "தாங்கிக்கிட்டு நிக்கறீங்களே அய்யா" என்றான்.

"என்கிட்ட இதெல்லாம் வோணாம்" என்று கையை உருவிக்கொண்டார் கோதண்டபாணி. "நாளைக்கிக் கெளம்பிடு. மிச்சத்த நான் சொல்லிக்கறேன். உன் வேலைக்கும் சொல்லிவெக்கறேன்."

"எனக்கா? வேலையா?" அவன் ஈரக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டான். "அவன் சொல்லுவாங்க, எங்க நைனா மொரட்டு ஆளு, ஆனா வந்தவங்கள வெறுங்கையோட அனுப்பமாட்டாருன்னு."

இவனை நிறுத்தவே முடியாது போலிருக்கிறதே என்று அவருக்கு ஆயாசமாக இருந்தது.

*

அவன் மறுநாள் கிளம்பவில்லை. செண்பகம் விடவில்லை. கன்னியப்பனின் சட்டையைப் பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்துப் போட்டுக்கொள்ளச் சொன்னாள். வெள்ளிக்கிழமை பொழுது விடிவதற்குள் ஆற்றங்கரைத் தெரு முழுவதும் சங்கதி பரவி, வாசலில் பெண்கள் கூடிவிட்டார்கள். ஒருத்திக்குத் தம்பி மௌல்மேனில். ஒருத்திக்குப் புருஷன் ரங்கூனில்.

"தெரியாதுங்கம்மா. பாத்ததில்லீங்க" என்று அவன் ஒவ்வொருத்தியிடமும் சொல்லிக்கொண்டிருந்தான். ஒவ்வொருத்தியும் அழுதுகொண்டு திரும்பினாள்.

கோதண்டபாணி அவன் காதருகே குனிந்தார். "நல்லா கீறாருன்னு சொல்லி அனுப்பேன். உனக்கு இன்னா கொறஞ்சிபோச்சு?"

அவன் திடுக்கிட்டுப் பார்த்தான். "பொய் சொல்லச் சொல்றீங்களா அய்யா?"

கோதண்டபாணிக்கு அத்தனை கவலையிலும் சிரிப்பு வந்துவிட்டது. என்ன மிடுக்கு, என்ன மிடுக்கு.

கோர்ட்டுக்குக் கிளம்பும்போதும் அவன் அந்த மூன்று வார்த்தையைச் சொல்லியபாடில்லை. மேல் பர்மா இல்லை, அரிசி மில் இல்லை. செண்பகமோ, "சரி தம்பி, இப்போ எங்க கீறான் எம் புள்ள?" என்று கேட்க வாயெடுப்பதும், அவன் தலை குனிவதும், இவளே பயந்து பேச்சை மாற்றுவதுமாக இருந்தாள். சாட்சிக்காரன் மறந்துவிட்டால் வக்கீல்தான் எடுத்துக் கொடுக்க வேண்டும். கோதண்டபாணி அவளைச் சமையலறைக்குள் கூப்பிட்டார்.

"ராத்திரி என்கிட்ட சொன்னான். உன்கிட்ட சொல்லக் கூச்சப்படறான். கன்னியப்பன் மேல் பர்மாவுல அரிசி மில்லுல கீறானாம். கப்பல்ல எடம் கெடச்சதும் வந்துடுவானாம்."

செண்பகம் கரண்டியைக் கீழே வைத்தாள். பிறகு அவர் காலில் விழுந்தாள். இருபத்தாறு வருஷக் குடித்தனத்தில் அவள் அப்படிச் செய்ததில்லை. அவர் நகர்ந்துகொண்டார்.

அவர் எதிர்பார்த்தது அவள் ஒரு கைச் சோறு அதிகமாகச் சாப்பிடுவாள் என்பதைத்தான். அவள் நேரே அடுத்த தெரு ஜானகி வீட்டுக்குப் போய், அவளுடைய பெண்ணைக் கன்னியப்பனுக்கு நிச்சயம் பேசிவிட்டாள். சனிக்கிழமை வெற்றிலை பாக்கு மாற்றுவது என்று ஏற்பாடு. பிள்ளை வந்து இறங்கின வாரமே கல்யாணம்.

"வர்றதுக்கு முன்னாடியே இன்னா அவசரம்?" என்று அவர் மெல்லச் சொல்லிப் பார்த்தார்.

"நீதானே வந்துடுவான்னே. வரமாட்டானா?"

"வருவான், வருவான்."

*

சனிக்கிழமை கோர்ட் சீக்கிரம் முடிந்தது. தெருமுனை திரும்பும்போதே ஓலம் கேட்டது. இந்தத் தடவை அது யாருடைய அழுகை என்று தெரிந்ததும் ஓடினார்.

செண்பகம் கூடத்தில் தலைவிரி கோலமாக மார்பில் அடித்துக்கொண்டிருந்தாள். வெற்றிலைத் தட்டு கவிழ்ந்து கிடந்தது. மூலையில் அன்வர் பாஷா, கன்னியப்பனின் சட்டையைப் போட்டுக்கொண்டு, முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

ஜானகிதான் அவருக்குச் சொன்னாள்: "பொண்ணப் பாத்ததும் இவரு, யாருக்கும்மா நிச்சயம்னு கேட்டாரு. கன்னியப்பனுக்குன்னு சொன்னோம். அவன் வர்றதா யாரு சொன்னதுன்னாரு. நீதானேப்பா சொன்னே, அவங்க நைனாகிட்டேன்னு அக்கா சொல்லிச்சு. நான் சொல்லலீங்கம்மா, அந்தப் பொண்ணுக்குப் பாவம் பண்ணாதீங்கன்னு சொல்லிட்டு..." ஜானகி மூக்கை உறிஞ்சினாள். "கன்னியப்பன் போயி நாலு வருசம் ஆச்சாம். காடு தாண்டி நடந்து வர்றப்ப காலராவாம். இவரு மடியிலதான் உசுரு போச்சாம். அதுக்கப்பறம் முன்னால போவ மனசு வராம இவரு பர்மாவுக்கே திரும்பிட்டாராம்."

கோதண்டபாணி கோர்ட்டில் எத்தனையோ பிறழ்ந்த சாட்சிகளைப் பார்த்திருக்கிறார். இந்தப் பக்கம் காப்பி குடித்துவிட்டு அந்தப் பக்கம் சாட்சி சொன்னவர்களைப் பார்த்திருக்கிறார். இப்படி ஒரு துரோகத்தைப் பார்த்ததில்லை. அவன் கையைப் பிடித்து வாசலுக்கு இழுத்துக்கொண்டு வந்தார்.

"இன்னா சொல்லச் சொன்னா இன்னா சொல்லிவெச்சிகீறே?"

"அய்யா, ஒரு பொண்ணோட வாழ்க்கை. பாத்துக்கிட்டு எப்படிங்க..."

"பொண்ணு வாழ்க்கையப் பாக்கறதுக்கா உன்ன வரச்சொன்னேன்? எம் புள்ளைய சாவடிக்கச் சொன்னனா நானு?"

அன்வர் பாஷா அவரை இரக்கத்தோடு பார்த்தான். "அழுதுடுங்கய்யா. அன்னிக்குக் கிணத்தடியிலயே நீங்க அழுதிருக்கணும்."

அவர் அவனைப் பிடித்துத் தள்ளினார். இழுத்து நடக்கும் கால் தடுமாறி அவன் படியில் விழுந்தான். எழுந்து, கன்னியப்பனின் சட்டையைக் கழற்றி, மடித்து, ஜன்னல் விளிம்பில் வைத்தான். வாசல் கொடியில் கிடந்த தன்னுடைய கிழிசலைப் போட்டுக்கொண்டான்.

"போயிடறேங்க. அவன வெச்ச எடம் எதுன்னு மட்டும் கேட்டுக்கங்க. பர்மா எல்லையில தாமுன்னு ஒரு ஊரு, அதத் தாண்டி, ஆத்தோரமா ஒரு..."

"போதும். இன்னும் ஒரு வார்த்த பேசினே, போலீசக் கூப்பிடுவேன்."

அவன் நெற்றியில் கை வைத்து சலாம் சொல்லிவிட்டு, காலை இழுத்துக்கொண்டே ஸ்டேஷன் பக்கம் போனான். அந்த நொண்டல் தெருமுனை திரும்புகிற வரை ஒரு சீராக இருந்தது. யார் பார்க்கிறார்கள் என்று இன்னும் நடிக்கிறான் என்று பல்லைக் கடித்தார் கோதண்டபாணி.

*

பெண்கள் எல்லாரையும் வெளியே அனுப்பிவிட்டுச் செண்பகத்தின் எதிரே உட்கார்ந்தார். ஒன்று விடாமல் சொன்னார். கொட்டகை வாசலில் அவள் சொன்னது, கரீமுல்லா, சர்தார், நாலாவது இலை, பியூன் வேலை. அவள் அழுகை சொல்லச் சொல்லக் குறைந்து, கடைசியில் நின்றுவிட்டது.

"அப்போ அவன் ரங்கூனே போனதில்லையா?"

"ராயப்பேட்டையத் தாண்டினதில்ல."

"எம் புள்ளையப் பாத்ததே இல்லையா?"

"இல்ல."

"அப்போ எம் புள்ள சாவல."

"யாரு கண்டது? அவன் சொன்னது பொய். அது மட்டும் நிச்சயம்."

சிதறிக் கிடந்த வெற்றிலைகளைப் பொறுக்கித் தட்டில் வைத்தாள். பிறகு கேட்டாள்: "அந்தக் கருவாட்டுக் குழம்பு?"

"அதுவும் பொய்தான்."

"கொடைக்காரி அடிச்சது?"

"பொய்."

"உன்ன மாதிரி மூணு தடவ கூப்பிடுவான்னு சொன்னானே, அது?"

கோதண்டபாணிக்கு அதை மட்டும் விட்டுக்கொடுக்க மனசு வரவில்லை. ஆனாலும் சாவைப் பொய்யாக்க வேண்டுமென்றால் எல்லாவற்றையும்தான் பொய்யாக்க வேண்டியிருந்தது. "அதுவும்தான்" என்றார்.

அவள் தலைமுடியை அள்ளி முடிந்தாள். "நீ செஞ்சது மன்னிக்கற காரியம் இல்ல" என்றாள். "ஆனா போன உசுர நீயே திருப்பிக் குடுத்துட்டே. அதுக்கோசரம் விடறேன்."

எழுந்து போய்ச் சோறு போட்டுக்கொண்டு வந்தாள். இரண்டு பேரும் சாப்பிட்டார்கள். அவள் இரண்டாந்தரம் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் செண்பகம் மீன் வாங்கிக் கழுவிக்கொண்டிருந்தாள். ஜானகியிடம் சொல்லி அனுப்பியாயிற்று. அடுத்த முகூர்த்தத்தில் தட்டு மாற்றிக்கொள்ளலாம் என்று. வாய்க்குள் ஏதோ பாட்டு முணுமுணுப்பது கூடக் கேட்டது. கோதண்டபாணி மயிலாப்பூருக்குக் கிளம்பிச் சட்டை பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தார். கரீமுல்லாவிடம் கேட்க வேண்டியதையெல்லாம் மனசுக்குள் வரிசையாக அடுக்கி வைத்திருந்தார்.

வாசலில் யாரோ கனைத்தார்கள்.

குட்டையாக, தொந்தியும் தொப்பையுமாக ஒருவன் நின்றுகொண்டிருந்தான். வேண்டுமென்றே கிழித்த மாதிரி ஒரு கோட்டு. கண்ணுக்குக் கீழே கரி தடவியிருந்தது. தோளில் ஒரு மூட்டை.

"யாரு வோணும்?" என்றார் கோதண்டபாணி.

"யாருங்க அது?" என்று உள்ளேயிருந்து செண்பகம் கேட்டாள்.

வந்தவன் உள்ளே ஒரு தடவை எட்டிப் பார்த்துக்கொண்டான். பிறகு அவர் பக்கமாகச் சாய்ந்து, குரலைத் தாழ்த்திச் சொன்னான்:

"நாந்தான் நைனா, சர்தாரு. கரீமுல்லா பாய் வெள்ளிக்கிழமையே போவச் சொன்னாரு, காய்ச்சல்ல எந்திரிக்க முடியல, கோச்சுக்காதீங்க. இப்போ உள்ள வந்து சொல்லிடட்டுமா, உங்க புள்ள உயிரோட கீறான்னு?"